தலையைக் கீழே போடுங்க சார்

2024 ஜூலை 31 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் சான்லெ 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 விநாடியில் நீந்தி முடித்தார். அந்தத் தூரத்துக்கு அது புதிய உலக சாதனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் சாலையில் விடியற்காலையில் தொப்பை குறைய ஓடுகிறவர்களில் பலர் அந்த வேகத்தில் ஓடுவார்கள். அவர்களுக்கு யாரும் பதக்கம் தருவதில்லை.

நீச்சலைப் பற்றி யோசிப்பதென்றால் இந்த அவமானத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை மீறிப் போகத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்கு. வெறும் 10 சதவீதம் வேகம் கூட வேண்டுமென்றால்கூட 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். ஐம்பது வயதில் ஒருவர் எந்த ஜிம்முக்குப் போய், எத்தனை முட்டை தின்று அந்த 33ஐச் சேர்ப்பது? ஆனால் இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். கால் தொங்கி, இடுப்பு அமிழ்ந்து, சாய்ந்த நிலையில் நீந்துகிற ஒருவர் உடம்பைக் கிடையாக்கிக்கொண்டு எதிர்ப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டால், அதே திறனில் அவருடைய வேகம் கால் பங்கு கூடிவிடும். புதுத் தசை ஏதும் தேவையில்லை. சேர்ப்பதற்குத்தான் வயது குறுக்கே நிற்கிறது, கழிப்பதற்கு அவ்வளவாக நிற்பதில்லை.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்கள் 2009இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியைப் பார்க்கலாம். பாலியூரித்தேன் நீச்சலுடைகள் உச்சத்திலிருந்த ஆண்டு அது. உடம்பை இறுக்கிப் பிடித்து, சற்றே மிதக்கவும் வைத்து, மேனியில் தண்ணீர் வழுக்கிப் போகச் செய்த உடைகள். ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. முந்தைய ஆண்டைவிட வீரர்கள் யாரும் திடீரென்று பலசாலிகளாகிவிடவில்லை. எதிர்ப்புதான் குறைந்தது. 2010 தொடக்கத்திலேயே அந்த உடைகளைத் தடை செய்தார்கள். ஆனாலும் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஜெர்மனியின் பால் பீடர்மான் அன்று வைத்த சாதனையை உடைக்க 2025 ஏப்ரல் வரை ஆனது. நமக்கு அந்த உடை கிடையாது. அந்த வேலையை உடம்பாலேயே செய்துகொள்ள வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? தலையிலிருந்து. மனித உடம்பில் மிதக்கும் பாகம் நெஞ்சு, ஏனென்றால் காற்றுப்பை அங்கே இருக்கிறது. அமிழும் பாகம் கால், ஏனென்றால் அங்கே எலும்பும் தசையும்தான். நெஞ்சு மேலே வரவும் கால் கீழே போகவும் ஆசைப்படுகின்றன. இந்த நிலையில் தலையைத் தூக்கினால் கால் இன்னும் கீழே போகும். முகத்தைக் கீழே பார்க்க வைத்து, கழுத்தைத் தளரவிட்டு, நெஞ்சைச் சற்றே அழுத்தினால் இடுப்பு தானாக மேலே வரும். இவ்வளவுதான். எந்த நீச்சல் குளத்துக்குப் போனாலும், இருபத்தைந்து வயது கோச் ஒருவர் கரையில் நடந்தபடியே தன் அப்பா வயதுக்காரரைப் பார்த்து, ‘தலையைக் கீழே போடுங்க சார்’ என்று கத்துவதைக் கேட்கலாம். ‘போட்டுட்டேன் தம்பி’ என்று இவர் பதில் சொல்வார், தலையைத் தூக்கிக்கொண்டே. உண்மையிலேயே போட்டுவிட்டதாகத்தான் அவர் நம்புகிறார். கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் முன்னேற உடம்பு ஒப்புவதில்லை. அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் இருப்பது பயம்தான். ஆனால் அறுபது வயது ஆணிடம் அதைப் பயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் கிணற்றில் பழகியவர்கள். முதுகில் சுரைக்குடுக்கையோ முள்முருங்கைக் கட்டையோ கட்டி இறக்கிவிடுவார்கள். வசதி வந்த காலத்தில் லாரி டியூப். இடுப்பில் கயிறு கட்டி, மேட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ பிடித்துக்கொள்வார்கள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை விட்டுவிடுவார்கள், அன்றோடு நீச்சல் வந்துவிட்டதாகக் கணக்கு. பிறகு என்ன கற்றோம்? படியிலிருந்து குதித்தோம், பம்ப்செட் ரூம் மேலேறிக் குதித்தோம், பல்டி அடித்தோம். முங்கிப் போய் அடுத்தவன் காலைப் பிடித்து இழுத்தோம், அடியிலிருந்து கல் எடுத்து வந்து காட்டினோம். தலையைத் தூக்கித்தான் நீந்த வேண்டும், இல்லாவிட்டால் மேலேயிருந்து எவன் எப்போது நம்மீது விழுவான் என்று தெரியாது. கிணற்றுக்கு ஆழம் உண்டு, நீளம் கிடையாது. நாலு கை போட்டால் எதிர்ச்சுவர். அங்கே யாரும் யாரையும் தூரத்தை வைத்து அளந்ததில்லை. துணிச்சலாலும் மூச்சடக்கும் திராணியாலும்தான் பெயர் எடுக்க முடியும். கிணறு எங்களுக்கு ஒரு பாணியைக் கொடுத்தது. அது செங்குத்தான பாணி.

கிணறு என்றதும் நினைவேக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை முழுக்க ஒட்டவிடக் கூடாது. எந்தக் கிணற்றில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்களில்தான் இந்த விளையாட்டெல்லாம் நடந்தது. தோட்டத்துக்காரர் பிள்ளைகள் நாள் முழுக்கக் கூத்தடித்த அதே கிணற்றில், அந்தத் தோட்டத்தில் பாடுபட்டவர்களின் பிள்ளைகள் கால் நனைத்தாலே அடி விழுந்தது. பெண் பிள்ளைகள் பெரியவர்களானதும் மேட்டோடு நின்றார்கள். ‘எங்க ஊர்ல எல்லாருக்கும் நீச்சல் தெரியும்’ என்று பெருமை பேசும் ஆண்களிடம், அந்த எல்லாரும் யார் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இந்தச் செங்குத்துப் பெருமை மிகப் பழையது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தடியூன்றிய கிழவர் ஒருவர் தன் இளமையை நினைத்து வருந்துகிறார். நீர்த்துறையில் சாய்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையிலிருப்போர் வியக்க ஆழத்தில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டியதை எண்ணி ஏங்குகிறார். பாடியவரின் பெயர் தெரியாததால் அந்தத் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயரிட்டுவிட்டார்கள். முதுமையைப் பற்றிய தமிழ்க் கவிதைகளில் இதற்கு இணை குறைவு. ஆனாலும் குளத்தோரம் ஈரத்துண்டோடு உட்கார்ந்து அதை நினைக்கும்போது எனக்கு ஒரு முரண்டு எழும். பெரியவர் இழந்தது நீச்சலை அல்ல, குதிப்பதை. பார்க்க ஆள் வேண்டிய, பலமும் நெஞ்சுரமும் வேண்டிய ஒரு வித்தை அவரை விட்டுப் போயிற்று. தண்ணீரில் கிடையாகப் படுத்து நிதானமாக நீளம் போவதற்கு அந்தத் துறையிலேயே இடம் இருந்திருக்கும். அது வித்தையாகக் கருதப்படாததால் பாட்டில் வரவில்லை.

கிணற்று வீரர்கள் நாற்பதைத் தாண்டி, டாக்டர் சொல்லி, 25 மீட்டர் குளத்துக்கு வருவார்கள். நீச்சல் தெரியுமா என்று கேட்டால் மீசையைத் தடவுவார்கள். இறங்கி, தலையை இருபுறமும் ஆட்டி, தண்ணீரை அடித்து நொறுக்கி மறுகரை போய்ச் சேரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சே வராது. பக்கத்து லேனில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சத்தமே இல்லாமல் போய் வந்துகொண்டிருப்பாள். அவளுக்கு இருப்பது இவருடைய கை பலத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் ‘ஸ்டாமினா இல்லை’ என்று அவரே சொல்லிக்கொள்வார். பெரும்பாலும் அது காரணமில்லை. தண்ணீருக்குள் முகம் போன கணத்தில் மூச்சைப் பூட்டிவிடுகிறார். முங்கு நீச்சலில் பழகிய பழக்கம் அது. மூச்சுமுட்டுகிற உணர்வைக் கிளப்புவது ஆக்சிஜன் குறைவதைவிடக் கரியமில வாயு சேர்வதுதான். உள்ளே பூட்டி வைத்த காற்றில் அது ஏற ஏற, மூளை அபாயச் சங்கு ஊதுகிறது. தலையைத் திருப்பும் அரை விநாடியில் பழைய காற்றை வெளியே விடவும் வேண்டும், புதுக்காற்றை இழுக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் நடக்காது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் சீராகக் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால், திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை. ‘பபிள்ஸ் விடுங்க’ என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது இதைத்தான். பெரியவர்கள் அதைக் குழந்தை விளையாட்டு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தலையைத் திருப்புவதென்றால் தூக்குவது அல்ல. உடம்போடு சேர்ந்து உருள வேண்டும். முன்னேறும் தலை தண்ணீரை ஒதுக்குவதால் வாயோரத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டாகும். அந்தப் பள்ளத்துக்குள் வாயைத் திறந்தால் போதும், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. முங்குவதற்கு முன்னால் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விட்டுவிட்டுப் போகும் வழக்கம் பையன்களிடம் உண்டு. அதனால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. ஊத வேண்டிய சங்கு தாமதமாக ஊதும். ஊதுவதற்குள் நினைவு தப்பிவிடலாம். நல்ல நீச்சல்காரர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

லேடீஸ் பேட்ச்சில் நான் கவனித்தது வேறு. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாகத் தண்ணீரில் இறங்கும் பெண்கள் பலர். கிணற்று வீரர்களைவிட அவர்களுக்கு ஆரம்பப் பயம் அதிகம். ஆனால் அழிக்க வேண்டிய பழைய பழக்கம் ஒன்றும் உடம்பில் இல்லை. கோச் சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்கள். மழைக்காலத்தில் சேர்ந்தவர்கள் கோடை வருவதற்குள் பபிள்ஸ் விட்டு, உருண்டு, சத்தமின்றிப் போய்க்கொண்டிருப்பார்கள். வீரர்கள் இன்னமும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். பெண் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பதால் கால் எளிதில் மிதக்கும் என்பதும் உண்மைதான். ஐம்பது வயதுத் தொப்பைக்கும் அந்தச் சலுகை கொஞ்சம் கிடைக்கும், வீணாக்கிவிடக் கூடாது.

தசையைவிட முறை எவ்வளவு பெரியது என்பதற்கு ஆங்கிலக் கால்வாயே சாட்சி. 1875இல் மேத்யூ வெப் அதை முதன்முதலாக நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது 27. கப்பல் மாலுமி, முரட்டு உடம்பு. தவளை நீச்சலில் 21 மணி 45 நிமிடம் எடுத்துக்கொண்டார். 1926இல் கெர்ட்ரூட் எடெர்லே என்ற இருபது வயது அமெரிக்கப் பெண் அதை ஏறக்குறைய பதினாலரை மணி நேரத்தில் கடந்தார். அதுவரை கடந்திருந்த ஐந்து ஆண்களையும்விட வேகம். அவர் நீந்தியது கிரால், அதாவது இன்று நாம் ஃப்ரீஸ்டைல் என்று சொல்வது. வேடிக்கை என்னவென்றால் கையை மாற்றி மாற்றித் தண்ணீருக்கு மேலே வீசும் நீச்சல் வெப்புக்கு முப்பது ஆண்டுகள் முன்பே லண்டனுக்கு வந்துவிட்டது. 1844இல் வட அமெரிக்கப் பூர்வகுடியினர் இருவர் அங்கே ஒரு குளத்தில் நீந்திக் காட்டினார்கள். தண்ணீரை இப்படித் தெறிக்க அடிப்பது ஐரோப்பியருக்கு அழகல்ல என்று ஆங்கிலேயர் முகம் சுளித்தார்கள். கண்ணெதிரே வேகம் போய்க்கொண்டிருந்தது, கௌரவம் அதைப் பார்க்கவிடவில்லை. கிணற்று மீசைக்கு அண்ணன் அது.

முறை என்றதும் அதையே வேதமாக்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஜேம்ஸ் கவுன்சில்மனின் கதையைச் சொல்லலாம். இந்தியானா பல்கலைக்கழகத்தின் நீச்சல் பயிற்சியாளர், 1972 ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸின் குரு. தண்ணீருக்கடியில் படம் பிடித்து ஆராய்ந்து ‘தி சயின்ஸ் ஆஃப் ஸ்விம்மிங்’ என்ற நூலை 1968இல் எழுதினார். ஸ்பிட்ஸின் கை நேராகப் பின்னே போகாமல் வளைந்து வளைந்து போவதைக் கண்டு, விமான இறக்கையை உயர்த்தும் விசைதான் நீச்சல்காரரையும் முன்னே செலுத்துகிறது என்று பின்னர் விளக்கினார். ஒரு தலைமுறையே கையை வளைத்து இழுக்கப் பழகியது. பிறகு வந்த ஆய்வுகள் அந்த விளக்கத்தின் பெரும்பகுதியைத் தளர்த்திவிட்டன. இன்று முழங்கையை மேலே நிறுத்தி, முன்கையையும் உள்ளங்கையையும் ஒரே பலகையாக்கித் தண்ணீரை நேராகப் பின்னே தள்ளச் சொல்கிறார்கள். நாளை வேறு சொல்லலாம். எனக்குக் கவுன்சில்மனைப் பிடிப்பது 1979க்காக. அந்த ஆண்டு, 58 வயதில், அவர் ஆங்கிலக் கால்வாயைத் தானே நீந்திக் கடந்தார். அப்போது அதைக் கடந்தவர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

பயிற்சிக்கு வருவோம். நம் குளங்களில் காலை பேட்ச்சில் ஒரு வகை மனிதர்கள் உண்டு. பல வருடங்களாகத் தினமும் அதே நாற்பது லேப், அதே வேகம், அதே தவறு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உடம்புக்கு அது நல்லதுதான். ஆனால் தவறோடு போடும் லேப் ஒவ்வொன்றும் தவறைத்தான் உறுதிப்படுத்துகிறது. 1992இலும் 1996இலும் 50, 100 மீட்டர் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ரஷ்யாவின் அலெக்சாண்டர் போபோவ், பயிற்சியில் நிறைய மெதுவாக நீந்துவார் என்று பெயர் பெற்றவர். போட்டியில் எப்படிக் கை போடுவாரோ அதே வடிவம், வேகம் மட்டும் குறைவு. அவர் கோச் கென்னாடி துரெட்ஸ்கி வடிவம் கெடுகிற வேகத்தை அனுமதிக்கமாட்டார். சாதாரணர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது: 25 மீட்டருக்கு எத்தனை கை விழுகிறது என்று எண்ணுவது. முப்பது விழுந்தால், வேகத்தைக் கவனிக்காமல் அதை இருபத்தேழாக்க முயல்வது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம். இன்று மூச்சு என்றால் மூச்சு மட்டும், கையை மறந்துவிட வேண்டும்.

அதற்காக எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகவும் கூடாது. டெர்ரி லாஃப்லின் என்ற அமெரிக்கர் 1996இல் வெளியிட்ட ‘டோட்டல் இம்மர்ஷன்’ என்ற நூல் பெரியவர்களுக்கு நீச்சல் கற்பித்ததில் பெரிய திருப்பம். எதிர்ப்பைக் குறைப்பதுதான் அவருடைய மையக் கருத்து, இந்தக் கட்டுரையும் அந்தக் கடனைச் சுமக்கிறது. ஆனால் அவரைப் படித்த சிலர் ஒரு கையை நீட்டியபடி தியானத்தில் ஆழ்ந்துவிடுகிறார்கள். தண்ணீர் காத்திருப்பதில்லை. கை ஓய்ந்த கணத்திலேயே வேகம் சரிகிறது, அடுத்த இழுப்பில் அதை மீட்கக் கூடுதல் உழைப்பு ஆகிறது. மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாய் பயிற்சித் தூரத்தை அடியோடு வெட்டி, எடைப் பயிற்சியை ஏற்றி, பாரிஸில் 30 வயதில் 50 மீட்டர் தங்கம் எடுத்தார். பலம் தேவையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வடிவம் வந்தபிறகு பலம் கூலி கொடுக்கும், அதற்கு முன்னால் பலத்தைக் காட்டினால் நுரை மட்டும்தான் மிஞ்சும்.

நீடித்து நீந்துவதற்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி, நிறுத்தாமல் நீந்துவதை நிறுத்துவதுதான். ஒரே மூச்சாக ஒரு கிலோமீட்டர் போவதற்குப் பதில் பத்து நூறுகள், நடுநடுவே இருபது விநாடி ஓய்வு. முதல் நூறும் பத்தாவது நூறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஓய்வு இருப்பதால் வடிவம் கெடாது, மொத்தத் தூரமும் குறையாது. எந்த வேகத்தில் போவது என்று தெரிய ஒரு சிறு சோதனை இருக்கிறது. 400 மீட்டரை முடிந்த வேகத்தில் நீந்துங்கள், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 200 மீட்டரும் அப்படியே. முதலாவது 10 நிமிடம், இரண்டாவது 4 நிமிடம் 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5 நிமிடம் 20 விநாடி, அது 200 மீட்டருக்கானது. அப்படியானால் நூறுக்கு 2 நிமிடம் 40 விநாடி. உங்கள் உடம்பு நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் ஏறக்குறைய இது. பத்து நூறுகளையும் இதையொட்டிப் போடலாம். சில வாரம் கழித்து மறுபடி சோதித்தால் எண் மாறியிருக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்களையே பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் வயதில், நல்ல திசையில் நகரும் எண் ஒன்று கையில் இருப்பது தனிச் சுகம்.

வயது ஒன்றும் செய்யாது என்று சொல்லும் ஊக்கப் பேச்சாளர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. செய்யும். ஹிரோஃபூமி தனாகாவும் டக்ளஸ் சீல்ஸும் அமெரிக்க மாஸ்டர்ஸ் போட்டி முடிவுகளை ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். 1500 மீட்டர் நேரம் 35, 40 வயதுவரை தாக்குப்பிடிக்கிறது, பிறகு 70 வயதுவரை சீராகச் சரிகிறது, அதற்குப் பின் செங்குத்தாக இறங்குகிறது. ஆனால் இது தங்கள் உச்சத்தைத் தொட்டவர்களின் வரைபடம். உச்சத்தின் பக்கமே போகாதவர்களுக்கு முன்னேற இடம் நிறைய மிச்சமிருக்கிறது. முறையில் கிடைக்கும் லாபம் வயதில் போகும் நஷ்டத்தைப் பல வருடம் மூடிவிடும். தோள்பட்டையைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குப் பல நூறு தடவை சுழலும் மூட்டு அது, வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தக் கூடாது. கணுக்கால் இன்னொன்று. நடந்தும் ஓடியும் இறுகிய பாதம் பின்னால் நீளாது. மடங்கியபடியே உதைக்கும்போது தண்ணீரைத் தவறான பக்கம் தள்ளும். கிக்போர்டைப் பிடித்து உயிரைக் கொடுத்து உதைத்தும் நின்ற இடத்திலேயே நிற்பவர்களைப் பார்த்திருக்கலாம். அவர்கள் காலால் வேகம் தேடாமல், ஒரு கைக்கு ஒரு உதை என்று சமநிலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எலும்பு உறுதிக்கு நீச்சல் அதிகம் உதவாது, எடையைத் தண்ணீரே சுமந்துகொள்கிறதே. அதற்கு நடையோ எடைப் பயிற்சியோ தனியாக வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே காலிலுள்ள ரத்தம் நெஞ்சுக்கு ஏறும். குளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுவதற்கும் அதுதான் காரணம். குழந்தைகளை மட்டும் திட்டிப் பயனில்லை.

நீடிப்பதன் எல்லை மனஉறுதியில் மட்டும் இல்லை என்பதைப் பாக் நீரிணை நமக்குக் காட்டியிருக்கிறது. 1954இல் இலங்கையின் நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். 1971இல் வல்வெட்டித்துறைக்காரரான குமார் ஆனந்தன் போய்த் திரும்பவும் நீந்தினார், 51 மணி நேரம். இரண்டு இரவுகளைக் கடலில் கழித்த அந்த உடம்பு, 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தது. பாக் நீரிணை வெதுவெதுப்பான கடல், கால்வாய் உறைக்கும் குளிர். ஒரு கடலில் பெற்ற பலத்தை இன்னொரு கடல் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. 2021 மார்ச்சில் ஹைதராபாத்தின் கோலி சியாமளா, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டரைப் பதினான்கு மணி நேரத்துக்குள் நீந்தினார். அவர் நீச்சல் கற்றுக்கொண்டதே நாற்பதைத் தாண்டித்தான். அந்தச் செய்தி வெளியான வாரத்தில் எங்கள் குளத்தில் கிணற்றுப் பெருமை கொஞ்சம் அடங்கியிருந்தது.

அதே கடலின் மன்னார் வளைகுடாப் பக்கம், பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையில் ஒட்டிய பாசியை அறுத்து வருகிறார்கள். ஐம்பது, அறுபது வயதிலும் இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. வனத்துறைக் கட்டுப்பாடு, விலை, பாறை கிழித்த கை என்று அவர்களுடைய கவலைகள் வேறு. அவர்களுக்கு இது ஃபிட்னஸ் அல்ல, சாப்பாடு. தண்ணீரில் வயதைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் அவர்களைத் தாண்டிப் போய்விட்டு விளையாட்டு வீரர்களை மட்டும் அடுக்கினால் அது அரைக் கட்டுரைதான். அது தொழில் என்பதால் நேரமும் பதக்கமும் யாரும் குறித்து வைக்கவில்லை, அவ்வளவே.

குறித்து வைக்கப்பட்ட ஒன்றும் இருக்கிறது. ஜப்பானின் மியேகோ நாகஓகா முழங்கால் தேறுவதற்காக நீச்சலுக்கு வந்தவர், அப்போதே வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2015இல், 100 வயதில், 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54 விநாடியில் முடித்தார். அந்த வயதில் அந்தத் தூரத்தைப் போட்டியில் முடித்த முதல் ஆள். முழுக்க மல்லாக்க நீச்சல். ஃப்ரீஸ்டைல் போட்டியில் எந்த முறையிலும் நீந்தலாம் என்பது விதி, மல்லாந்தால் மூச்சுத் தொல்லை இல்லை என்பது அனுபவம்.

அவர் நீந்திய மாஸ்டர்ஸ் போட்டிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 1970இல் அமெரிக்காவின் அமரில்லோ நகரில் சிறிய அளவில் தொடங்கி, 1986இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டியாக வளர்ந்தவை இவை. 25 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள். 59 வயதில் தன் பிரிவிலேயே கிழவராகத் திணறுகிறவர், 60 ஆனதும் அடுத்த பிரிவின் இளைஞராகிவிடுவார். பிறந்தநாளுக்காக ஆவலோடு காத்திருக்கும் பெரியவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. ரிலேயில் இன்னும் வேடிக்கை. நால்வரின் வயதையும் கூட்டி, 200 முதல் 239 வரை ஒரு பிரிவு, 240 முதல் 279 வரை அடுத்தது. எங்கள் காலை பேட்ச்சில் ஒரு அணி சேர்ந்திருக்கிறது: 52, 58, 61, 65. கூட்டினால் 236. இந்த ஆண்டே போட்டிக்குப் போனால் பிரிவின் மூத்த அணிகளில் ஒன்று. ஓராண்டு பொறுத்தால் ஆளுக்கு ஒரு வயது கூடி 240, அடுத்த பிரிவின் கடைக்குட்டி. எனவே பொறுப்பது என்று முடிவாகியிருக்கிறது. 65 மட்டும் ‘அடுத்த வருஷம் நான் இருக்கணுமேய்யா’ என்று முணுமுணுத்தார். ‘இருப்பீங்கண்ணா, நீங்க இல்லாம 240 வராது’ என்று 52 சமாதானம் சொன்னது. மெட்லி ரிலேயில் பட்டர்ஃப்ளை யார் அடிப்பது என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.